415 மீட்டர், உச்சியில் லெனின்: போர் வராவிட்டால் சோவியத் மாளிகை எழுந்திருக்குமா?

#1 நெட்டைமரம்

கட்டாமல் போன வானுயரக் கட்டடங்கள் என்றாலே இங்கே பேச்சு துபாய், சிகாகோ என்று போய்விடுகிறது. அந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பிடித்தது மாஸ்கோவின் சோவியத் மாளிகை. அதற்கென்று ஓர் இழை இல்லாததால் நானே தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மாஸ்க்வா ஆற்றங்கரையில், கிரெம்ளினிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், மீட்பர் கிறிஸ்து பேராலயம் இருந்தது. 1812இல் நெப்போலியனை விரட்டியதன் நினைவாக எழுப்பியது. 1839இல் அடிக்கல் நாட்டி 1883இல்தான் திறந்தார்கள். உயரம் 103 மீட்டர். 1931 டிசம்பர் 5 அன்று அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் வெடிக்கு முழுதாக விழவில்லை, மறுபடியும் வைக்க வேண்டியிருந்தது. சோவியத் ஆட்சியின் பெரிய மாநாடுகளுக்கென்று நினைத்த மாளிகைக்குக் குறித்த இடம் அதுதான்.

போட்டி நடத்தி, 1933இல் கட்டடக் கலைஞர் போரிஸ் யோஃபானின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஷூக்கோ, கெல்ஃபிரெய்க் இருவரையும் அவரோடு சேர்த்துவிட்டார்கள். கடைசியாக உருவான வரைபடத்தில், மேலே போகப் போகக் குறுகும் உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். எல்லாவற்றுக்கும் உச்சியில், கையை நீட்டியபடி 100 மீட்டர் லெனின். மொத்தம் 415 மீட்டர். அன்றைக்கு உலகிலேயே உயரமான எம்பயர் ஸ்டேட் 381 மீட்டர்தான். உள்ளே 21,000 பேர் உட்காரும் பெரிய மண்டபம், 6,000 பேருக்குச் சின்ன மண்டபம்.

அஸ்திவாரம் முடிந்து, இரும்புச் சட்டகம் ஏறத்தாழ ஏழு மாடி உயரத்துக்கு ஏறிவிட்டது. 1941 ஜூனில் ஜெர்மனி உள்ளே நுழைந்தது. இரும்பு டாங்கித் தடுப்புகளுக்குப் போனது. 1942இல் மிச்சத்தையும் கழற்றி ரயில் பாலங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

என் கட்சி இதுதான்: போர் மட்டும் வராமல் இருந்தால் இது எழுந்திருக்கும். 1942க்குள் முடிப்பது என்று திட்டமிட்டிருந்தார்கள். இன்னும் ஐந்தாறு வருடம் இழுத்திருக்கலாம், ஆனால் நின்றிருக்கும். என்ன சொல்கிறீர்கள்?

#2 சும்மாவந்தவன்

சோவியத் நாடு இதழின் வழவழ தாளில் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்ட தலைமுறை நான். டிராக்டர், அணைக்கட்டு, ராக்கெட் எல்லாம் அந்த அட்டையில் பார்த்திருக்கிறேன். இந்த மாளிகையை ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது காரணம் புரிகிறது.

#3 தூக்குக்குண்டு

முதலில் ஒரு வழக்கு. 415இல் 100 மீட்டர் சிலை. கட்டடம் என்று பார்த்தால் 315. கிரைஸ்லர் கட்டடமே 319 மீட்டர் சார். அன்றைக்கு நியூயார்க்கில் இரண்டாம் இடத்தில் இருந்ததைக்கூட எட்டவில்லை. லெனினைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் இது உலக சாதனை ஆகிறது.

இன்றைய கணக்கிலும் இதே சண்டை உண்டு. புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டரில் மேலே 244 மீட்டர் வரைக்கும் ஆள் புழங்கும் தளமே கிடையாது. அதைச் சாதனை என்று ஒப்புக்கொள்கிறோம் என்றால் லெனினையும் ஒப்புக்கொள்ளலாம்தான். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது.

இனி மண். ஆற்றங்கரை என்பதால் தோண்டத் தோண்ட ஊற்று. 20 மீட்டருக்கும் கீழே போக வேண்டும், அதுவும் சுண்ணாம்புப் பாறையில், பிளவுகள் வழியே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் இடத்தில். அவர்கள் செய்தது: குழியைச் சுற்றித் துளைகள் போட்டு, காய்ச்சிய தாரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினார்கள். தார் பிளவுகளை அடைத்துச் சுற்றிலும் ஒரு திரைபோல் நின்றது. பிறகு இறைத்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெரிய கான்கிரீட் வளையங்களைப் போட்டார்கள். மேலே வரும் தூண்கள் எல்லாம் அந்த வளையங்களின்மேல்தான் இறங்கும்.

இதைச் சொல்லக் காரணம், "மண் தாங்காததால் விட்டுவிட்டார்கள்" என்று ஒரு கதை பரவலாக ஓடுகிறது. அது சரியில்லை. உயரப் பகுதிக்கான அடித்தளம் 1930களின் கடைசியிலேயே முடிந்துவிட்டது. தொழில் தெரிந்தவர்கள்தான் செய்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்துக்கென்றே தனி எஃகு ரகம் தயாரித்தார்கள், "டிஎஸ்" என்று மாளிகையின் ரஷ்யப் பெயரெழுத்துகளையே அதற்கு வைத்தார்கள். ஆக, அந்த அளவில் நெட்டைமரத்தின் கட்சிதான் நானும்.

#4 பழையதாள்

மண்ணும் எஃகும் சரி. நான் கேட்பது வேறு. போர் 1945இல் முடிந்தது. ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச்சில். நடுவில் எட்டு வருடம். அதிகாரம் அதே கையில், யோஃபான் உயிரோடு, குழியும் வளையங்களும் அப்படியே. ஏன் மறுபடி தொடங்கவில்லை?

பணமில்லை, இரும்பில்லை என்று சொல்ல முடியாது. 1947 ஜனவரியிலேயே மாஸ்கோவில் எட்டு உயரக் கட்டடங்கள் கட்ட ஆணை போட்டார்கள். அந்த வருடம் செப்டம்பர் 7, நகரத்தின் 800ஆம் ஆண்டு விழாவில் எட்டுக்கும் அடிக்கல். ஏழு எழுந்தன. இன்றைக்கு ஏழு சகோதரிகள் என்கிறார்களே, அவைதான். அதில் பெரியதான பல்கலைக்கழகக் கட்டடம் 240 மீட்டர், 1953இல் திறந்தது, 1990 வரை ஐரோப்பாவிலேயே அதுதான் உயரம்.

இன்னொரு வேடிக்கை. பல்கலைக்கழகக் கட்டடத்தைக் கட்டும் பொறுப்பு யாருக்குப் போனது தெரியுமா? "சோவியத் மாளிகைக் கட்டுமான நிர்வாகம்" என்ற அதே அலுவலகத்துக்கு. ஆட்களும் அனுபவமும் அங்கேதான் இருந்தன. மாளிகையை மட்டும் விட்டுவிட்டு அந்த நிர்வாகம் வேறு எல்லாம் கட்டியது.

எனவே, போர் வேலையை நிறுத்தியது. கைவிட்டது போர் இல்லை.

#5 செங்கல்

எட்டு வருடம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் தோழரே. இரண்டு கோடிக்கும் மேல் மக்கள் செத்த நாடு. மின்ஸ்க், ஸ்டாலின்கிராத் எல்லாம் கல்குவியல். அந்த நிலைமையில் 415 மீட்டர் மாளிகையைக் கட்டியிருந்தால் அதற்கும் நீங்கள்தான் திட்டுவீர்கள், கட்டாவிட்டாலும் திட்டுகிறீர்கள்.

எம்பயர் ஸ்டேட்டையும் கொஞ்சம் பார்க்கலாம். 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1இல் திறந்தார்கள், வேகம் அற்புதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெருமந்தத்தின் நடுவில் வாடகைக்கு ஆள் வரவில்லை. லாபம் பார்க்க 1950 வரை ஆனது. வெட்டிப் பெருமைக்குக் கட்டுவது ஒரு ஆட்சிமுறைக்கு மட்டும் உரிய வியாதி இல்லை.

#6 சும்மாவந்தவன்

ஆனால் எம்பயர் ஸ்டேட்டுக்காக யாரும் கோவிலை இடிக்கவில்லையே தோழர். ஒரு ஓட்டலைத்தான் இடித்தார்கள்.

#7 கோடுபோட்டவன்

கட்டடக்கலை படித்தவன் என்ற முறையில் போட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெட்டைமரம் ஒரே வரியில் தாண்டிவிட்டார். கதையின் சதையே அதுதான்.

1931இல் உலகம் முழுக்க அழைப்பு விட்டார்கள். ல கார்பூசியே, குரோப்பியஸ், மெண்டல்சோன், பெரே, பெல்ஸிக் என்று அன்றைய பெரிய தலைகள் எல்லாம் வரைந்து அனுப்பினார்கள். ல கார்பூசியேவின் வரைபடத்தை இன்றும் கல்லூரிகளில் காட்டுகிறார்கள். பெரிய மண்டபத்தின் கூரையைத் தூண்களில் நிறுத்தாமல், வெளியே ஒரு பெரிய வளைவை எழுப்பி அதிலிருந்து தொங்கவிட்டார். நியாயமாகப் பார்த்தால் கேட்ட வேலைக்குச் சரியான விடை அதுதான். போட்டியில் கேட்டபடி 15,000 பேர் மறைப்பில்லாமல் மேடையைப் பார்க்க வேண்டும், அதுதானே தேவை?

1932 பிப்ரவரியில் முடிவு வந்தது. முதல் பரிசு மூன்று பேருக்கு: யோஃபான், மரபுவழிக்காரரான ஸோல்தோவ்ஸ்கி, மூன்றாவதாக அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த ஹெக்டர் ஹாமில்டன். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நவீன பாணிக்காரர்கள் ஒருவருக்கும் இல்லை. ல கார்பூசியே கொதித்துப்போனார். அவர் சேர்ந்திருந்த நவீனக் கட்டடக் கலைஞர்களின் சங்கத்தார் ஸ்டாலினுக்கே எழுதினார்கள். மாஸ்கோவில் நடத்துவதாக இருந்த அவர்களுடைய நான்காவது மாநாடு அங்கே நடக்கவில்லை. 1933இல் மார்செயிலிருந்து ஏதென்சுக்குப் போன கப்பலில் நடத்தினார்கள். மனிதர் அதோடு அரசுகளை நம்புவதை விட்டாரா என்றால் இல்லை, இருபது வருடம் கழித்து நம் சண்டிகரில் வந்து சட்டமன்றம் கட்டினார்.

இப்போது முக்கியமான இடம். யோஃபான் 1933இல் கொடுத்த வடிவத்தில் உச்சியில் லெனின் கிடையாது. 18 மீட்டரில் விடுதலை பெற்ற தொழிலாளி ஒருவன், அவ்வளவுதான். மே 10ஆம் தேதி வந்த ஆணை அதை மாற்றியது. 50 முதல் 75 மீட்டர் லெனின் சிலை வேண்டும், மாளிகை அந்தச் சிலைக்குப் பீடமாக அமைய வேண்டும். அந்த வார்த்தையை நினைவில் வையுங்கள்: பீடம். அன்றிலிருந்து அது மண்டபம் உள்ள கட்டடம் இல்லை, உள்ளே மண்டபம் இருக்க நேர்ந்த பீடம். சிலை 75இலிருந்து 100க்கு வளர்ந்தது, பீடமும் கூடவே வளர்ந்தது. யோஃபானின் பிற்கால வரைபடங்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அவர் வரைந்துகொண்டிருந்தது வேறு யாருடைய ஆசையையோ.

#8 நெட்டைமரம்

கோடுபோட்டவனுக்கு நன்றி, இதற்காகத்தான் இழை தொடங்கினேன். ஆனால் பழையதாளுக்கு என் பதில்: நின்றுபோன வேலையை மறுபடி எடுப்பதும் ஓடுகிற வேலையைத் தொடர்வதும் ஒன்றில்லை. 1941இல் ஆட்கள், தொழிற்சாலைகள், ரயில்கள் எல்லாம் அதற்காக ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டம் நிற்காமல் இருந்திருந்தால், "வேண்டாம்" என்று சொல்ல யாருக்குத் துணிவு இருந்திருக்கும்?

#9 பழையதாள்

அங்கேதான் நானும் வருகிறேன். "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. அதனால்தான் அதை யாரும் கைவிடவே இல்லை!

சுரங்க ரயிலில் 1935 மே 15 அன்று முதல் பாதை திறந்தபோது அந்த இடத்து நிலையத்துக்கு "சோவியத் மாளிகை" என்று பெயர் வைத்தார்கள். மாளிகைக்கு வரும் கூட்டத்துக்கு என்றே வடிவமைத்த நிலையம். மேலே வெறும் குழி. போருக்கு அப்புறமும் அதே பெயர். 1957இல்தான் கிரப்போத்கின்ஸ்கயா என்று மாற்றினார்கள். இருபத்திரண்டு வருடம், இல்லாத கட்டடத்தின் பெயரைச் சொல்லி மக்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

யோஃபான் போருக்குப் பின்னும் வரைந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் உயரம் கொஞ்சம் குறையும், அலங்காரம் கொஞ்சம் மாறும். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் கட்டவும் சொல்லவில்லை. குருஷேவ் வந்து 1955 நவம்பரில் கட்டடங்களில் ஆடம்பரம் கூடாது என்று ஆணை போட்ட பிறகும்கூட, 1957-59இல் புதுப் போட்டி நடத்தினார்கள், இந்த முறை ஊரின் தென்மேற்கே வேறு இடத்தில். அதிலும் ஒன்றும் எழவில்லை. கடைசியில் 1961இல் கிரெம்ளினுக்குள்ளேயே மாநாட்டு மாளிகை ஒன்றைக் கட்டினார்கள். இருக்கைகள் ஏறத்தாழ 6,000.

முதல் பதிவில் சின்ன மண்டபத்துக்கு எத்தனை என்று இருக்கிறது, பாருங்கள். அந்த நாட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்தச் சின்ன மண்டபம் மட்டும்தான்.

#10 தூக்குக்குண்டு

அந்தக் கடைசி வரி நன்றாக இருக்கிறது.

#11 ஆற்றோரன்

பல நாளாகப் படிப்பதோடு சரி, இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. எண்பதுகளில் மாஸ்கோவில் படித்தவன் நான். நீங்கள் பேசும் குழியில் நீந்தியிருக்கிறேன்.

1960இல் அதை நீச்சல் குளமாக்கிவிட்டார்கள். பெயரே "மாஸ்க்வா". வட்டக் குளம், குறுக்களவு கிட்டத்தட்ட 130 மீட்டர். திறந்தவெளி, வெந்நீர், பனிக்காலத்திலும் உண்டு. உடைமாற்றும் இடத்திலிருந்து தண்ணீருக்குள்ளேயே ஒரு வழி வெளியே போகும், குளிரில் கால் வைக்காமல் அப்படியே நீந்திக்கொண்டு போய்விடலாம். வெளியே மைனஸ் இருபது டிகிரி, தலைமுடி நொறுங்குகிற மாதிரி உறையும், கழுத்துக்குக் கீழே இதமான சூடு. ஆவி அடர்த்தியில் இரண்டு முழம் தள்ளி இருப்பவர் முகம் தெரியாது. மதுரைப் பக்கத்து ஆளுக்கு அதெல்லாம் வேற உலகம்.

பக்கத்திலேயே புஷ்கின் அருங்காட்சியகம். இந்த ஈரம் ஓவியங்களைக் கெடுக்கிறது என்று அவர்கள் புலம்பிக்கொண்டே இருப்பார்கள். ஊர்க் கிழவிகள் வேறு மாதிரி சொல்வார்கள்: கோவில் இருந்த இடம், அங்கே எதுவும் நிலைக்காது என்று. அப்போது சிரித்தோம். தொண்ணூறுகளில் குளத்தையும் மூடி, 1995இலிருந்து பழைய பேராலயத்தையே திரும்பக் கட்டினார்கள். 2000 ஆகஸ்டில் புனிதப்படுத்தினார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய சாம்பல் நிறக் குடியிருப்பு உண்டு, கரையோர வீடு என்பார்கள். அதைக் கட்டியவரும் யோஃபான்தான். அவரே அங்கேதான் குடியிருந்தார். பெரிய பதவிக்காரர்கள் வாழ்ந்த இடம். 1937-38இல் அந்த வீட்டிலிருந்து இரவோடு இரவாக நிறைய பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யோஃபானுக்கு ஆதரவாக இருந்த முன்னாள் பிரதமர் ரீக்கவ் அதே வீட்டுக்காரர், 1938இல் சுட்டுக்கொன்றார்கள். யோஃபானை யாரும் தொடவில்லை. அவர் 1976 வரை இருந்தார். அக்கரையில் அஸ்திவாரம் போட்டதையும், இரும்பு கழற்றியதையும், அங்கே ஜனங்கள் நீந்தியதையும் பார்த்தவர்.

#12 சும்மாவந்தவன்

கிழவிகள் சொன்னது மாஸ்கோவுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. சீனாவில் சாங்ஷா நகரத்தில் 838 மீட்டர் "ஸ்கை சிட்டி" கட்டுவோம், துண்டு துண்டாகத் தொழிற்சாலையில் செய்து அடுக்கித் தொண்ணூறு நாளில் முடிப்போம் என்றார் பிராட் நிறுவனத்தின் ஜாங் யுவே. 2013 ஜூலையில் பூமி பூஜை போட்டு, அனுமதி இல்லை என்று சில நாளில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அந்தப் பள்ளத்தில் உள்ளூர்க்காரர்கள் மீன் வளர்த்தார்கள். சிகாகோவில் 610 மீட்டர் முறுக்குக் கோபுரம், 2008இல் நின்றது, அந்தக் குழியிலும் வருடக்கணக்காகத் தண்ணீர்.

உலக சாதனைக்குக் குழி தோண்டினால் தண்ணீர் நிச்சயம் சார். கட்டடம்தான் சந்தேகம்.

#13 செங்கல்

சிரிப்பு சரி. ஆனால் சாங்ஷாக்காரர் சும்மா அளந்தவர் இல்லை. அதே முறையில் 2011 கடைசியில் முப்பது மாடி ஓட்டலைப் பதினைந்து நாளில் நிறுத்தினார், 2015இல் 57 மாடியைப் பத்தொன்பது நாளில். செய்துகாட்டிய அளவு ஒன்று, சொன்ன அளவு ஒன்று. யோஃபானிடம் அப்படிக் காட்ட எதுவும் இல்லை.

#14 நெறியாளர்

சீனாவுக்கும் சிகாகோவுக்கும் ஏற்கெனவே தனி இழைகள் இருக்கின்றன. இங்கே மாஸ்கோ போதும்.

#15 கோடுபோட்டவன்

செங்கல், யோஃபானிடம் காட்ட ஒன்று இருந்தது: 1937 பாரிஸ் கண்காட்சியில் சோவியத் அரங்கம். சிற்பி முகினாவின் ஆணும் பெண்ணும் சுத்தியலும் அரிவாளும் தூக்கிக்கொண்டு நிற்கும் எஃகுச் சிலை, அதற்குக் கீழே யோஃபானின் கட்டடம். அதுவும் பீடம்தான்! எதிரே நேராக ஆல்பர்ட் ஷ்பேரின் ஜெர்மன் அரங்கம் நின்றது.

ஷ்பேரைச் சொன்னதும் இன்னொன்று. பெர்லினில் 290 மீட்டர் உயரத்தில் குவிமாட மண்டபம் ஒன்றை ஹிட்லருக்காக வரைந்துகொண்டிருந்தவர் அவர். மாஸ்கோவில் இன்னும் உயரமாக எழப்போகிறது என்று கேள்விப்பட்டு ஹிட்லர் எரிச்சலாக இருந்ததையும், ரஷ்யாவின்மேல் படையெடுத்ததும் அந்தக் கவலை தீர்ந்தது என்று நிம்மதிப்பட்டதையும் ஷ்பேரே எழுதிவைத்திருக்கிறார். கடைசியில் இரண்டு பேருடையதும் எழவில்லை.

அப்புறம், பல்கலைக்கழகக் கட்டடத்தையும் முதலில் யோஃபானுக்குத்தான் கொடுத்தார்கள். குன்றின் விளிம்பிலேயே, ஆற்றைப் பார்த்தபடி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சரிகிற மண், ஆபத்து என்றார்கள், கேட்கவில்லை. 1948இல் அவரை எடுத்துவிட்டு ரூத்னெவைப் போட்டார்கள். அவர் கட்டடத்தை உள்ளே தள்ளி வைத்தார். உச்சியில் சிலைக்குப் பதில் கூர்முனை. பதினைந்து வருடம் ஒரே கனவை வரைந்தவரால் வேறு மாதிரி யோசிக்க முடியாமல் போயிருக்கலாம். என் ஊகம்தான்.

#16 பழையதாள்

எட்டில் ஏழு எழுந்தது என்றேனே, எட்டாவது சர்யாத்யேவில், கிரெம்ளினுக்கு மறுபக்கம். அதையும் அடித்தளத்தோடு விட்டுவிட்டார்கள். வரைந்தவர் செச்சூலின். அதன்மேல் பின்னால் ரஸ்ஸியா ஓட்டலைக் கட்டியவரும் அவர்தான். சோவியத் மாளிகைக் குழியில் நீச்சல் குளம் போட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே செச்சூலின். கிரெம்ளினுக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு குழியையும் மூடிய பெருமை ஒரே மனிதருக்கு. ஓட்டலையும் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே பூங்கா.

#17 நெட்டைமரம்

சரி, பீடம் என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். தூக்குக்குண்டு சார், சிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே நீங்கள். நம்ம படேல் சிலை 182 மீட்டர் நிற்கிறது. 100 மீட்டர் லெனினுக்கு என்ன குறை?

#18 தூக்குக்குண்டு

படேல் சிலை தரையில் நிற்கிறது, 2018இல், கணினியில் காற்றைப் பார்த்துக் கட்டியது. கைகள் உடம்போடு ஒட்டிக் கீழே தொங்குகின்றன. லெனின் 315 மீட்டருக்கு மேலே ஏறி நின்றுகொண்டு, ஒரு கையை நீட்டுகிறார். நீட்டிய கை என்பது ஒரு முனை மட்டும் பிடித்த உத்தரம். அந்த உயரத்தில் காற்று அதைச் சும்மா விடாது. மாஸ்கோவில் மேகம் தாழ்ந்து நிற்கும் நாட்கள் நிறைய, பாதி நாள் கீழே இருந்து பார்த்தால் இடுப்புக்கு மேல் தெரிந்திருக்காது. கையில் சேரும் பனிக்கட்டி வசந்தத்தில் எங்கே விழும் என்பது வேறு.

ஆனால் "முடியாது" என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் தடுப்பது ஒரு மனிதர்: நிக்கலாய் நிகீதின். மாளிகையின் சட்டகம் காற்றில் எப்படி ஆடும் என்று கணக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர், அப்போது முப்பது வயதுதான். மாளிகை நின்றது, அவர் நிற்கவில்லை. பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளம் அவருடையது. வார்சாவில் 237 மீட்டர் கலாச்சார மாளிகையிலும் கை வைத்தார். அப்புறம் ஒஸ்தான்கினோ தொலைக்காட்சிக் கோபுரம்: 540 மீட்டர், 1967, அன்றைக்கு உலகிலேயே உயரமானது, 1975இல் டொரொன்டோ கோபுரம் வரும்வரை. அடித்தளம் ஐந்து மீட்டர்கூட ஆழமில்லை. உள்ளே எஃகு வடங்களை இழுத்துக் கட்டி நிறுத்தினார்.

அதே 1967இல் வோல்கோகிராத்தில் தாய்நாட்டுச் சிலை திறந்தது. வாள் நுனி வரை 85 மீட்டர், கான்கிரீட். சிற்பி வுச்செத்திச், பொறியாளர் மறுபடியும் நிகீதின். ஆக, மாளிகை கேட்ட இரண்டையும், உலக சாதனை உயரத்தையும் ராட்சதச் சிலையையும், அந்த நாடு ஒரே வருடத்தில் முடித்துக்காட்டியது, ஒரே பொறியாளரை வைத்து. ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றாமல், தனித்தனியாக.

#19 நெட்டைமரம்

இது எனக்குப் புதுத் தகவல். அப்படியானால் என் கட்சிக்குத்தானே பலம் சார்? ஆள் இருந்தார், அறிவு இருந்தது.

#20 பழையதாள்

1967இல் இருந்தது. 1941இல்?

#21 நெட்டைமரம்

கட்டிக்கொண்டே கற்றிருப்பார்கள். எல்லாப் பெரிய வேலையும் அப்படித்தான் நடக்கிறது. எம்பயர் ஸ்டேட்டின் உச்சியில் ஆகாயக் கப்பலைக் கட்டலாம் என்றுகூட நினைத்தார்கள், காற்று அனுமதிக்கவில்லை, கம்பத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். லெனினின் கையையும் மடக்கியிருக்கலாம்.

#22 சும்மாவந்தவன்

1941 மாஸ்கோவில், லெனின் கையை மடக்கலாம் என்று யார் சார் முதலில் சொல்வது? நீங்களா, நானா?

#23 ஆற்றோரன்

சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் குடியிருந்த யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு சின்னக் கேள்வி, தூக்குக்குண்டு ஐயாவுக்கு. வோல்கோகிராத் சிலையின் வாள் காற்றில் ஆடிச் சத்தம் போடும் என்று என் விடுதித் தோழன் ஒருவன் சொல்வான், அவன் அந்த ஊர்க்காரன். உண்மையா?

#24 தூக்குக்குண்டு

உண்மைதான் ஐயா. முதலில் வைத்த வாள் எஃகுச் சட்டகத்தின்மேல் டைட்டானியத் தகடு போர்த்தியது. பரப்பு அதிகம் என்பதால் காற்று பிடித்து ஆட்டியது, தகடுகள் கடகடத்தன. 1972இல் அதைக் கழற்றிவிட்டு, முழுதும் எஃகில் புது வாள் வைத்தார்கள். காற்று ஊடுருவிப் போக அதில் துளைகளும் விட்டிருக்கிறார்கள். அது குன்றின்மேல் தரையில் நிற்கும் சிலை, சாரம் கட்டிக் கழற்ற முடிந்தது. நெட்டைமரம் சொல்கிற மாதிரி மாளிகை எழுந்திருந்தால் இதே வேலையை 400 மீட்டரில் செய்திருக்க வேண்டும். அதற்குக் கிரேன் எங்கே நிறுத்துவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், இன்னும் இடம் கிடைக்கவில்லை.